இரண்டு கமாக்களுக்கு நடுவில்

சோஹாரில் ஆகஸ்ட்.
ஏசி சொட்டும் தண்ணீரைப் பிடிக்கப்
பெயிண்ட் வாளி வைத்திருக்கும் போர்ட்டா கேபினில்
நான் டாக்குமென்ட் கன்ட்ரோலர்.
அதாவது, பிறர் எழுதியதற்கு எண் கொடுப்பவன்.
ரெவ் 0, ரெவ் 1, ரெவ் 2.

ஒன்பதாம் தேதி மாலை நாலு பத்துக்குக்
கொளஞ்சியப்பன், வயது முப்பத்தொன்று, சாரம் கட்டுபவர்,
பதினான்கு மீட்டரிலிருந்து விழுந்தார்.
இதில் எந்தச் சொல்லிலும் சந்தேகமில்லை.
மீட்டரைக்கூட டேப் பிடித்து அளந்தோம்.

அடுத்த வரிக்குத்தான் மெக்கல்லம் எழுந்து வந்தார்.
கொக்கி மாட்டியிருக்கவில்லை என்றிருந்த இடத்தில்
விரலை வைத்து, கொஞ்சம் மென்மையாக, என்றார்.
அவர் ஊரில் அது மரியாதை.
அப்பேரண்ட்லி போடு.
முன்னால் ஒரு கமா, பின்னால் ஒரு கமா.

போட்டேன்.
இரண்டு போலீஸ்காரர் நடுவே கூட்டிவரப்பட்ட ஆள் மாதிரி
அது வாக்கியத்துக்குள் வந்து நின்றது.

இந்தச் சொற்களோடு எனக்குப் பதினோரு வருஷப் பழக்கம்.
பிராபப்ளி என்றால் சம்பளம் ஐந்தாம் தேதி வராது, எட்டாம் தேதி பார்.
பாசிப்ளி என்றால் லீவு கிடையாது,
நேராகச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.
பிரிசூமப்ளி என்று எழுதியிருந்தால்
ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை, வெயில்.
பெர்ஹாப்ஸ் மட்டும் இந்தப் பக்கம் வருவதில்லை.
அதற்கு ஒரு நாற்காலியும் சாயந்திரமும் வேண்டும் போல.

பிறகு குடும்பத்துக்குக் கடிதம், தமிழில்.
அதற்கு எண் கிடையாது.
என்னை விட்டால் ஆபீசில் தமிழுக்கு ஆளும் கிடையாது.
நம்மிடம் இதற்குத் தனிச் சொல்லே வேண்டாம்,
வினையின் வாலில் ஓர் 'ஆம்' ஒட்டிக்கொண்டால் போதும்.
மாட்டியிருக்கவில்லையாம்.
எழுதி முடித்ததும்
கேபினுக்குள் யாரோ வாய்பொத்திப் பேசின மாதிரி இருந்தது.

அஞ்சலாட்சி வெள்ளிக்கிழமை போன் செய்தார்.
தங்கை மகன் படித்துக் காட்டினானாம்.
"இல்லையாம்னு எழுதியிருக்கீங்களே சார்,
யாரு சொன்னாங்களாம்?"

வாளியில் சொட்டுச் சத்தம்.

ஏழு பேர் கையெழுத்துப் போட்ட அறிக்கை அது.
ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.
அப்பேரண்ட்லிக்குச் சொன்னவன் தேவையில்லை.
'ஆம்' அப்படியில்லை,
எங்கோ ஒருவன் வாய் திறந்திருக்க வேண்டும்.

தேடினேன்.
ஷைஜு கிரேன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.
மேல் தட்டில் நின்ற ராம்பிரவேஷ்
தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தான்.
போட்டோவில் கொக்கி இடுப்பிலேயே தொங்குகிறது.
மாட்டியிருக்கக்கூடிய குழாய்
அந்தப் படத்திலும் இல்லை, எந்தப் படத்திலும் இல்லை.

அந்தச் சொல்லை அழித்துப் பார்த்தேன்.
கமாக்களும் போனதும் வாக்கியம் விறைத்துக்கொண்டது.
கொக்கி மாட்டியிருக்கவில்லை.
சந்தேகத்தை எடுத்தால் தீர்ப்பாகிவிடுகிறது.
கன்ட்ரோல் இசட்.
மறுபடியும் அவன், மறுபடியும் போலீஸ்காரர்கள்.

கடைசியில் வரியையே எடுத்துவிட்டு அடித்தேன்:
மாட்டியிருந்தாரா என்பதை யாரும் பார்க்கவில்லை.
குழாய் பத்தாம் தேதி காலை ஆறரைக்குக் கழற்றப்பட்டது.
போட்டோ எட்டு மணிக்கு எடுக்கப்பட்டது.
ரெவ் 3.

மெக்கல்லம் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு
இன்னொரு தரம் வாசித்தார்.
டிசம்பரில்தானே உன் கான்ட்ராக்ட் முடிகிறது, என்றார்.
ஆமாம்.
புதுப்பித்துவிடுவோம், பிராபப்ளி.

கையெழுத்துப் போட்டாரா, போடாமல் எடுத்துப் போனாரா,
கதவு மூடிவிட்டது.

வாளி நிறைந்திருந்தது.
வெளியே தூக்கிப்போய்ச் சாய்த்தேன்.
கீழே பார்ப்பதற்குள் ஈரம் இல்லை.
மணல் குடித்ததோ
வெயில் குடித்ததோ.